நாலாவது மாடிப் பெண்ணின் வாய்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நீ போனை எடுப்பதில்லை. மாமாவிடம் பேசினால், "உங்க அக்கா தம்பி விஷயத்துல என்னை இழுக்காதப்பா" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அம்மாவிடம் பேசினால், சாப்பாட்டை விசாரித்து, தூக்கத்தை விசாரித்து, தலைமுடி ஏன் கொட்டுகிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாள். போன தடவை அம்மா மூலமாக நீயே சொல்லி அனுப்பினாயாம்: எதுவாக இருந்தாலும் எழுதச் சொல், பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது, எழுதினால்தான் மாட்டுவான் என்று. சரி, எழுதுகிறேன்.

இங்கே எனக்கு ஒன்றும் குறையில்லை. என் கம்ப்யூட்டர் கேமை வெளியிட்ட நிறுவனம் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். உன் வீட்டுப் பின்னறையில், துணிக்கொடிக்குக் கீழே, ஈரத்துண்டு தலையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து எழுதினேனே, அந்த லிஃப்ட் கேமை இப்போது முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் விளையாடுகிறார்கள். பழைய அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறவன், ஏறுகிறவர்கள் பேசுவதில் இரண்டு மாடிக்கு நடுவே காதில் விழுவது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், அதை வைத்து யாருக்கு என்ன கஷ்டம் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். இதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று கேட்ட மாமாவிடம் சொல், இருக்கிறதாம்.

ஒரு சின்ன உதவி. நாலாவது மாடியில் நிற்கிற மாதிரி ஒரு பெண்ணைப் பென்சிலில் வரைந்தாயே, அந்தத் தாள் உன்னிடம் இருக்கும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை. மடிக்காமல் அனுப்பு. முடிந்தால் அதே பெண்ணை இன்னும் இரண்டு மூன்று விதமாக வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது, அவசரமில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு அந்தத் தைலத்தையே தொடரச் சொல். நீ செய்து கொடுத்த பல் ஜோராக இருக்கிறது. போன வாரம் ஒரு பத்திரிகையில் என் படம் வந்தது, சிரிப்பு நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், எங்கேயாவது வருத்தம் என்று ஒரு வார்த்தை ஒளிந்திருக்கிறதா என்று. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு வரி, மாமாவுக்கு ஒரு வரி, உன் பல்லுக்கு ஒரு வரி. நான் வரைந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கேம் வெளிவந்த அன்று, செயற்கைப் பல் செய்கிற எங்கள் லேபில் மதியச் சாப்பாட்டை எல்லோரும் சீக்கிரம் முடித்தார்கள். முதலாளி தன் கம்ப்யூட்டரில் உன் கேமைப் போட்டார். பாலிஷ் போடுகிற பெண் பக்கத்துக் கடையில் கேட்டு ஸ்டூல் வாங்கி வந்தாள். நான்தான் நாலு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு இருந்தேனே, இதில் வரும் ஆட்கள் எல்லாம் நான் வரைந்தவர்கள் என்று. காது கேட்காத கணக்கு வாத்தியார், குடையை மடக்கத் தெரியாத வக்கீல், பூனையைப் பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் நர்ஸ். முதலாளியையே ஒரு ஆளாகப் போட்டிருந்தேன், மூக்கைக் கொஞ்சம் குறைத்து.

லிஃப்ட் கதவு திறந்தது. யாரோ ஏறினார்கள். முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாது, அடுத்த மாடியில வரும்" என்றேன். அடுத்த மாடியிலும் வேறு யாரோ. ஒவ்வொரு மாடியாக நிறுத்தி நிறுத்திப் போனோம், ஒவ்வொரு மாடியிலும் நான் அடுத்த மாடி என்றேன். கடைசியில் மொட்டை மாடியும் வந்துவிட்டது. பாலிஷ்காரி, "ஒருவேளை வேற கேமா இருக்கும்க்கா" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். எனக்கு அந்த ஸ்டூலிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரைத் திறந்து தேடினேன். என் படங்கள் அத்தனையும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. ஃபோல்டருக்கு நீ வைத்த பெயர் "தற்காலிகம்". வாத்தியார் தற்காலிகம் ஒன்று, வக்கீல் தற்காலிகம் இரண்டு. முதல் மாதத்துத் தேதியே போட்டிருந்தது. அதாவது முதல் நாளில் இருந்தே உனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. கேம் முழுக்கத் தமிழில்தான் பெயர் வைப்பேன் என்று நெஞ்சை நிமிர்த்தினாயே, ஆங்கிலத்தில் வைத்துத் தொலைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

எங்கள் தொழிலிலும் அந்த வார்த்தை உண்டு. பல்லைச் சீவி அளவெடுத்துவிட்டு, அதன்மேல் மாட்டுகிற நிஜமான உறை, கேப் என்போம், தயாராகும்வரை ஒருத்தரைப் பொக்கையாக அனுப்ப முடியாது. தற்காலிகமாக ஒன்று செய்து ஒட்டுவோம். அதையும் பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்துத்தான் செய்வோம், ஏனென்றால் அதை வைத்துக்கொண்டும் அவர் நாலு பேர் முன்னால் சிரிக்க வேண்டும். ஆனால் ஒட்டும்போதே டாக்டர் சொல்லிவிடுவார், இது தற்காலிகம்தான், எடுத்துவிடுவோம் என்று. சொல்லாமல் ஒட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. உன் வாயில் இருப்பதும் அதுதான். மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படியில் உருண்டு முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது செய்தது. ஆறு மாதத்தில் மாற்ற வேண்டும் என்று உன்னிடமும் சொன்னேன். மாற்றுப் பல் தயார் என்றபோது நீ பெட்டி கட்டிக்கொண்டு இருந்தாய்.

அந்த நாலாவது மாடிப் பெண் முடிக்காத படம். எந்த முகமானாலும் வாயைக் கடைசியில்தான் போடுவேன், தொழில்புத்தி. உள்ளே பல் எப்படி நிற்கிறது என்று தீர்மானிக்காமல் உதடு வரைந்தால் அது வெறும் தலையணை உறை மாதிரி தொங்கும். அன்றைக்கு மூக்கு வரை வந்திருந்தேன். நீ ஓடி வந்து, "போதும்க்கா, இடத்தை அடைச்சாப் போதும்" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாய். எத்தனையோ முடித்த படங்கள் இருக்க, முடிக்காத இவள் மேல் மட்டும் உனக்கு என்ன திடீர்ப் பாசம்?

அக்கா

மார்ச் 20

அக்கா,

லேபில் நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். வருத்தப்படுகிறேன் என்று இப்போது எழுதினால், கேட்டு வாங்கிய வருத்தம் எனக்கு வேண்டாம் என்பாய். எழுதாவிட்டால் அதற்கும் திட்டுவாய்.

ஆனால் என் பக்கத்தையும் கேள். தற்காலிகம் என்பது எங்கள் வேலையில் கெட்ட வார்த்தை இல்லை. கேம் ஓடுகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு படம், ஏதாவது ஒரு சத்தம் வேண்டும். லிஃப்ட் ஏறும் சத்தத்துக்கு உன் மிக்ஸியைத்தான் பதிவு செய்து வைத்திருந்தேன். அதையும்தான் கடைசியில் மாற்றினோம், மிக்ஸி கோபித்துக்கொள்ளவில்லை.

இடத்தை அடைத்தால் போதும் என்று நான் முதல் நாளே சொன்னேன். நீதான் காதில் வாங்கவில்லை. நான் ஒரு பொம்மை கேட்டால் நீ ஆளையே கூட்டிக்கொண்டு வந்தாய். அவனுக்கு ஒரு மாமியார், அந்த மாமியாருக்கு ஒரு தலைவலி. லேபில் இருந்து வந்து கையில் ஒட்டிய மெழுகைக்கூடச் சுரண்டாமல் சாப்பாட்டு மேசையில் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்வாய். உன் வீட்டில் இருந்துகொண்டு, உன் சோற்றைத் தின்றுகொண்டு, உன் படம் எனக்கு வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் இவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள். மாமா, "கம்ப்யூட்டர்ல லிஃப்ட் ஓட்டறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ ஒருத்திதான் சிரிக்காமல், "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு பண்றோம்" என்பாய். அந்த "நாங்க"வைக் கலைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது என் தப்பு என்றால் தப்புதான், ஆனால் அது கெட்ட எண்ணத்தில் வந்த தப்பு இல்லை.

இங்கே வந்ததும் நிறுவனம் ஒரு நல்ல ஓவியரைக் கொடுத்தது. அவர் ஆட்கள் அத்தனை பேரையும் மாற்றினார். கட்டடம், சுவர், கதவு எல்லாம் நானே போட்டவை, அவற்றை மட்டும் மாற்றவில்லை. அதில்தான் ஒன்று நடந்துவிட்டது. லிஃப்ட் கதவின் கண்ணாடி வழியாக ஒரு உருவம் தெரியுமா என்று சோதிக்க, அன்று உன் தாளைப் பிடுங்கி ஸ்கேன் செய்து, தாளை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணை நாலாவது மாடிக் கதவின் படத்திலேயே ஒட்டிவிட்டேன். பிறகு மறந்துவிட்டேன். கதவு மூடியிருக்கும்போது, நிற்காமல் நாலாவது மாடியைக் கடந்தால் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு கணம் தெரிவாள். நிறுத்திக் கதவைத் திறந்தால் கதவோடு சேர்ந்து ஓரமாகப் போய்விடுவாள்.

இதை விளையாடுகிறவர்களில் யாரோ ஒருவர் கவனித்துவிட்டார். வாயில்லாமல் ஒரு பெண் நிற்கிறாள், அவளை ஏற்றிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கேம் விற்கவே ஆரம்பித்தது. அவளுக்கு "வாயில்லாதவள்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். செத்துப்போனவள் என்கிறார்கள், ஏதோ ரகசியம் தெரிந்ததால் வாயை இழந்தவள் என்கிறார்கள். அவளை வைத்து இரண்டாவது கேம் செய்யச் சொல்லி நிறுவனம் கேட்கிறது. ஓவியருக்கு அவள் வரவில்லை. இப்போது தெரிகிறதா, ஏன் கேட்டேன் என்று? உன் கை வேண்டும் அக்கா.

தம்பி

மார்ச் 27

தம்பிக்கு,

மிக்ஸியோடு என்னைச் சேர்த்துப் பேசியதற்கு நன்றி. மிக்ஸியாவது உழைத்தது.

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "வாயில்லாதவள்" என்ற இடத்தில் மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். என்னை இந்த வீட்டில் யாரும் வாயில்லாப் பூச்சி என்று சொன்னதில்லை, என் கையில் இருந்து போய் இப்படி ஒருத்தி பிறந்திருக்கிறாளே என்று. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவன் உன்னைக் கேட்டிருக்கணும்" என்றார். உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

லேபில் பாலிஷ்காரி போனில் போட்டுக் காட்டினாள். நாலாவது மாடியைக் கடக்கும்போது கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். அவளேதான். என் பென்சில், என் கோடு. நீ கம்ப்யூட்டரில் எழுதுவதையும் கோடு என்கிறாய், நான் பென்சிலில் போடுவதையும் கோடு என்கிறோம், உன்னுடையது இல்லாமல் கேம் ஓடாது என்பது எனக்கும் தெரியும். என்னுடையது இல்லாமலும் ஓடவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்து முடித்த ஆட்களை எல்லாம் ஆள் என்று பார்த்து வெளியே அனுப்பியிருக்கிறாய். இவளைக் கதவு என்று நினைத்திருந்ததால் விட்டுவைத்திருக்கிறாய். நான் முடித்தது எல்லாம் தற்காலிகம், முடிக்காத ஒன்று உனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது.

சரி, வரைந்து தருகிறேன். இரண்டாவது கேமுக்கு எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன். ஆனால் முதலில் இப்போது ஓடுகிற கேமில் அவளை முடிக்க வேண்டும். நான் வாய் வரைந்து அனுப்புவேன், நீ அதைப் போட வேண்டும். அவளைக் கதவில் இருந்து பிரித்து, மற்றவர்களைப் போல லிஃப்டில் ஏற்ற வேண்டும். அவளை வரைந்தது உன் அக்கா என்று கேமின் கடைசியில் என் பெயர் வர வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கதவில் இருந்து ஓர் ஆளைப் பிரிக்க உனக்கு ஒரு சாயங்காலம் போதும் என்று எனக்குத் தெரியும், நாலு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

நிறுவனத்து மேலாளரிடம் பேசினேன். நீ நம்ப மாட்டாய், உண்மையாகவே பேசினேன். அவர் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வாய் வச்சா அவ சாதாரணப் பொம்பளை ஆயிடுவா, அப்புறம் யார் வாங்குவாங்க?" என்றார். லிஃப்டில் ஏற்றுவது பற்றி நான் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஏறாமல் நிற்கிறவரைதான் எல்லோரும் திரும்பத் திரும்ப வருவார்களாம்.

பெயர் விஷயத்தில் வேறு ஒரு சிக்கல். கேமில் இருக்கும் படங்கள் அனைத்தும் ஓவியருடையவை என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்போது அது பொய் என்று எனக்கே தெரியாது, அவள் கதவில் இருப்பதை மறந்துவிட்டேன். இப்போது இன்னொரு பெயரைச் சேர்த்தால் நான் ஏமாற்றியதாக ஆகும். அவ்வளவு தூரம் போகாமல் ஒரு வழி கேட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டாவது கேமின் கடைசியில் நன்றி சொல்லும் பட்டியல் ஒன்று வரும், அதில் உன்னைச் சேர்க்கலாம் என்கிறார்கள். எதற்காக நன்றி என்று போட மாட்டார்கள். கீழ்த்தளத்துக் காபிக்கடைக்காரர் பெயரும் அதில் வருகிறது, ஆகையால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நீ இதற்கு என்ன சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் யோசி. இந்த இரண்டாவது கேம் கைநழுவினால் எனக்கு இங்கே அறை இல்லை. மறுபடியும் உன் பின்னறை, ஈரத்துண்டு, மாமாவின் விருந்தாளிகள். நான் இந்த வயதில் அதைத் தாங்க மாட்டேன். தனியாக உட்கார்ந்து எதையாவது செய்கிறவனுக்கு ஒரு தடவைதான் கதவு திறக்கும், அது உனக்குத் தெரியாது. நீ மாதச் சம்பளக்காரி.

தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

நேற்று லேபில் இருந்து வந்தபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். "தம்பி வந்திருந்தான்டி. உன் படமெல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னான். ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து அவ்வளவு பாராட்டினான். பத்திரமா வச்சுக்கறேன்னு எடுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள். நம் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாளாம். என் பீரோ சாவியை அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், முழங்கால் வலியோடு நாற்காலியில் ஏறி.

நான் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்து வந்திருக்கிறாய். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறாள், இருக்கட்டும்.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

நான் திருடவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தாள். அம்மாவிடம் பாராட்டியது நடிப்பும் இல்லை. அந்த வாத்தியாரை மறுபடி பார்த்தபோது, அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தபோது, இவரை எதற்கு மாற்றினேன் என்று எனக்கே விளங்கவில்லை. இதை நீ நம்பாவிட்டால் போ.

தாள்களை ஓவியரிடம் காட்டினேன். உன் கையைப் பார்த்துப் பழகிக்கொண்டு அவளை வரைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் வரைந்து வரைந்து கிழித்தார். அவர் போடுகிற பெண்களுக்கும் வாய் இல்லைதான், ஆனால் வேண்டுமென்றே வாய் இல்லாமல் போஸ் கொடுக்கிற மாதிரி இருக்கிறார்கள். கடைசியில் பென்சிலை வைத்துவிட்டு, "இதை வரைஞ்சவங்களுக்கு இந்தப் பொண்ணு என்ன சொல்ல வந்தான்னு தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல" என்றார். யார் வரைந்தது என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றேன்.

இதையும் உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன், எழுதினால்தான் மாட்டுவேன் என்றாயே. எழுதாதே என்று மேலாளர் சொன்ன விஷயங்களைக்கூட எழுதுகிறேன். இதற்கு மேல் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறாய்? நீ பிடிவாதம் பிடிக்காமல் வரைந்து கொடுத்திருந்தால் இந்த அசிங்கம் இரண்டு பேருக்கும் இல்லை. அடுத்த மாதம் இரண்டாவது கேமை அறிவிக்கிறோம், நேரலையில் என்னைப் பேட்டி எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் மனசு மாறினால் தெரிவி.

தம்பி

மே 17

தம்பிக்கு,

தாள்தான் உன்னிடம் இருக்கிறது, ஆள் என்னிடம் இருக்கிறாள். உன் கடைசிக் கடிதம் வந்த வாரமே அவளை மறுபடி வரைந்து முடித்தேன். வாயும் போட்டேன்.

அவள் யார், என்ன ரகசியம் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஒரு ரகசியமும் இல்லை. லிஃப்ட் கிளம்பிவிட்டது, அவள் ஓடி வருகிறாள், "நில்லுங்க, நானும் வரேன்" என்று கத்துகிறாள். அவ்வளவுதான். அதனால் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, மேல் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அன்று நீ இன்னும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் இதுதான் உனக்குக் கிடைத்திருக்கும்.

பாலிஷ்காரிக்கு மனசு கேட்கவில்லை. உன் கேமை விளையாடுகிறவர்கள் எழுதிக்கொள்கிற இணையதளத்தில் அந்தப் படத்தைப் போட்டு, இவளை வரைந்தவர் இவர்தான், கேம் செய்தவரின் அக்கா, முழுப் படம் இதுதான் என்று எழுதிவிட்டாள். நான் தடுக்கவில்லை. ஆசைதான், வேறென்ன. மறுநாள் வந்திருந்த பதில்களை அவள் எனக்குக் காட்ட மாட்டேன் என்றாள், நான்தான் பிடுங்கிப் படித்தேன். யாரோ விளம்பரத்துக்கு அலைகிறார்கள் என்று ஒருவர். இது வேறு கை, குழந்தைக்கே தெரியும் என்று ஒருவர். பல்லைப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று நிறையப் பேர். முதன்முதலில் அவளைக் கவனித்தவராம், அவர் மட்டும் மரியாதையாக எழுதியிருந்தார்: இதைச் செய்தவரே சொன்னால் நம்புகிறோம்.

அதனால் உன் பேட்டிக்காகக் காத்திருந்தோம். அதே மதிய நேரம், அதே கம்ப்யூட்டர், அதே ஸ்டூல். இந்தத் தடவை நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை, அவர்களே கூடினார்கள். பேட்டி எடுத்த பெண் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "உங்க அக்கான்னு ஒருத்தங்க, நாலாவது மாடிப் பெண்ணை நான்தான் வரைஞ்சேன்னு சொல்றாங்களே, உண்மையா?" ஆம் என்று சொல்ல உனக்கு ஒரு வார்த்தை போதும். இல்லை என்று சொல்லவும் ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்லியிருந்தால்கூட உன்மேல் ஆத்திரப்பட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நீ இரண்டும் சொல்லவில்லை. பேட்டி எடுத்தவளைப் பார்த்து, தலையைச் சாய்த்து, நன்றாகச் சிரித்தாய். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

உன் முகம் திரை முழுக்க நின்றது. முதலாளிதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "அந்த முன்பல் நம்ம லேப் தானேம்மா? உன் வேலைதானே? தற்காலிகம்னு ஒட்டினது இவ்வளவு வருஷம் நிக்குதே" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உன்னிடம் இருப்பதில் என் வேலை என்று அத்தனை பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

என் தாள்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்த வாத்தியாரையும் வக்கீலையும் இனிமேல் என்னால் பார்க்க முடியாது. இரண்டாவது கேமை நீ யாரை வைத்து வேண்டுமானாலும் செய்துகொள், அவள் ஏறினாலும் சரி, நின்றாலும் சரி. அம்மா நீ எப்போது வருவாய் என்று கேட்கிறாள். வந்து பார்த்துவிட்டுப் போ, நான் லேபில் இருக்கும் நேரம் உனக்குத் தெரியும்.

இத்துடன் ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறேன். உன் மாற்றுப் பல். நீ பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய அந்த வாரம் செய்து முடித்தது, இத்தனை நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. மேலே உன் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, எங்கள் லேபில் பெயர் எழுதாமல் எதையும் வைப்பதில்லை. உன் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததை வேறு யாருக்கும் வைக்க முடியாது, தூக்கிப் போடவும் எனக்குக் கை வரவில்லை. அங்கே ஏதாவது ஒரு டாக்டரிடம் கொடு, அவர் லேசாகத் தேய்த்து ஒட்டிவிடுவார். நிறம் மாறாது, உன் காலம் முழுக்க வரும்.

பழையதைக் கழற்றும்போது கொஞ்சம் கூசும், பொறுத்துக்கொள். கழற்றியதை அங்கேயே குப்பையில் போட்டுவிடச் சொல். அது தற்காலிகம்தான் என்று ஒட்டின அன்றைக்கே நான் உன்னிடம் சொல்லியிருந்தேன்.

அக்கா